ஆறு தடங்களும் குறையாமல் வந்துசேர: 5.1 ஹோம் தியேட்டரை இணைக்கும் முறை

ஹாலில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் ஒலிக்கின்றன என்பதனாலேயே அங்கே சரவுண்ட் ஒலி கிடைத்துவிட்டது என்று கொள்ள முடியாது. இடம், வலம் என இரண்டே ஒலித் தடங்கள் (சேனல்கள்) வந்துசேர்ந்தாலும், ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் அவற்றையே எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அறை நிறைய ஒலி இருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் பெய்ய வேண்டிய மழை முன்னாலும் பெய்துகொண்டிருக்கும். என் வீட்டிலும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் இப்படித்தான் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வயர்கள் அனைத்தும் சரியாகவே இருந்தன. தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் ஒரேயொரு வரியை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். அதனால், வயர்களை எங்கே செருகுவது என்பதோடு, ஒலி எந்த வழியாக, எந்த வடிவத்தில் ரிசீவரை வந்தடைகிறது என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் அமைப்பு சாதாரணமானது. 12 அடி அகலமும் 16 அடி நீளமும் உள்ள ஹால், ஓ.டி.டி. செயலிகள் உள்ள ஒரு ஸ்மார்ட் டிவி, டி.டி.எச். செட்டாப் பாக்ஸ், ஒரு புளூ-ரே பிளேயர் அல்லது கேமிங் கன்சோல், ஒரு ஏ.வி. ரிசீவர், 5.1 ஸ்பீக்கர் தொகுதி. முன்புறம் இடம், நடு, வலம் என மூன்று, கேட்பவரின் இருபுறமும் சற்றே பின்தள்ளி இரண்டு, இவை ஐந்து முழுத் தடங்கள். தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மட்டுமான சப்வூஃபர் தடமே அந்த '.1'. பின்னால் மேலும் இரண்டு ஸ்பீக்கர்கள் சேரும் 7.1 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சோஃபாவுக்குப் பின்னால் குறைந்தது நான்கைந்து அடி வெற்றிடம் இருந்தால் வாங்கலாம், சோஃபா சுவரை ஒட்டியிருந்தால் வேண்டாம் என்பதே. பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் பிடரியை உரசிக்கொண்டு நிற்பதை விட, இருக்கும் ஐந்தை உரிய இடத்தில் வைப்பது நல்லது.

வயருக்கு முன் இடம்

வயரின் நீளத்தை முடிவு செய்வது ஸ்பீக்கரின் இடம். ஆகவே அதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நேராகத் தொலைக்காட்சியின் நடுவை நோக்கி ஒரு கோடு இழுப்பதாகக் கொண்டால், முன்புற இட, வல ஸ்பீக்கர்கள் அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 22 முதல் 30 டிகிரிக்குள் அமைய வேண்டும். கோணமானி தேவையில்லை, ஒரு நூல் போதும். உங்கள் காதிலிருந்து ஒவ்வொரு முன் ஸ்பீக்கருக்கும் 10 அடி என்றால், அவ்விரண்டுக்கும் இடையே 10 அடி விட்டால் 30 டிகிரி வரும். 8 அடி விட்டால் ஏறத்தாழ 24 டிகிரி வரும். 12 அடி அகலச் சுவரில் 8 அடிதான் வசதி, ஏனெனில் ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் தாழ்ந்த ஒலி பெருத்துக் குழம்பிவிடும்.

சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இரண்டும் அதே நேர்க்கோட்டிலிருந்து 110 முதல் 120 டிகிரியில், அதாவது காதுக்கு நேர்ப்பக்கத்தைச் சற்றே தாண்டிப் பின்னால் இருக்க வேண்டும். நம் வீடுகளில் இவற்றைப் பின்சுவரின் இரு மேல்மூலைகளில், கூரையைத் தொடும் உயரத்தில் மாட்டிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அது ஒலியை ஆளுக்கு மேலே கொண்டுபோய்விடுகிறது. உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். சரவுண்ட் ஸ்பீக்கர் அந்த உயரத்திலோ அதற்கு ஓரிரு அடி மேலாகவோ இருந்தால் போதும். முன்புற ஸ்பீக்கர்களில் உச்ச ஒலியைத் தரும் சிறிய ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். நடு ஸ்பீக்கரில்தான் வசனம் வருகிறது; அதை ஷோகேஸின் உள்ளே ஆழமாகத் தள்ளி வைத்தால் பேச்சு பானைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். தட்டின் முன்விளிம்பு வரை இழுத்து வைத்து, தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தால் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, கேட்பவரின் முகத்தை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

ஸ்பீக்கர் வயரும் துருவமும்

ரிசீவர், தொலைக்காட்சி, சப்வூஃபர் என அனைத்தையும் சுவிட்சில் அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். வயரின் தடிமனைக் கேஜ் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 8 ஓம் ஸ்பீக்கர்களுக்குச் சாதாரண ஹாலில் 16 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.3 சதுர மில்லிமீட்டர், போதுமானது. சரவுண்ட் வயர் அறையைச் சுற்றிப் போய் 15 மீட்டரைத் தாண்டினால் 14 கேஜ் எடுக்கலாம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பல இழைகள் கொண்ட 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைச் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என வாங்கினாலும் வேலை நடக்கும். பெரும் விலை கொடுத்து வாங்கும் ஸ்பீக்கர் வயரில் அதைவிடக் கூடுதலாக எதையும் நான் கேட்டதில்லை. கவனிக்க வேண்டியது உலோகம் மட்டுமே. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் ஸ்பீக்கர் வயர் என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதில் மின்தடை அதிகம், முறுக்கினால் எளிதில் ஒடியும்.

சுவருக்குள் வயர் கொண்டுபோவதானால், 230 வோல்ட் மின்சார வயர் போகும் பைப்பில் ஸ்பீக்கர் வயரை நுழைக்கவே கூடாது. தனிப் பைப் வேண்டும். வீடு கட்டும்போதே ஹாலின் பின்சுவர் வரைக்கும் காலிப் பைப் ஒன்றைப் பதித்து வைக்கச் சொல்வது, பிற்பாடு கிரானைட் தரையின் ஓரத்தில் வயரை ஒட்டிக்கொண்டு அலைவதைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு முனையிலும் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உறையை நீக்கி, இழைகளை இறுக்கமாக முறுக்கி, ஸ்பீக்கரின் சிவப்பு முனையை ரிசீவரின் அதே பெயருள்ள சிவப்பு முனையுடனும் கறுப்பைக் கறுப்புடனும் இணைக்க வேண்டும். ஓர் இழை மட்டும் விலகிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அந்தக் காப்பு இல்லாத ஆம்ப்ளிஃபயரானால் வெளியீட்டு டிரான்சிஸ்டரே போய்விடும். வயரின் முனையில் பனானா பிளக் என்ற செருகியைப் பொருத்தினால் இந்த ஆபத்து குறைகிறது, ரிசீவரை இடம் மாற்றுவதும் எளிதாகிறது.

சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் கெட்டுவிடாது. அதனாலேயே தவறு கண்ணில் படாமல் கிடக்கும். மற்ற ஸ்பீக்கர்களின் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) முன்னே வரும்போது இதன் கூம்பு பின்னே போகும். இரண்டின் தாழ்ந்த ஒலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவிலிருந்து வர வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மிதக்கும். சுவருக்குள் போன வயரில் எந்த முனை எது என்ற ஐயம் எழுந்தால், ரிசீவர் பக்கம் கழற்றப்பட்ட வயரின் முனைகளில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் நேர்முனை தொடும் வயரே சிவப்புக்குரியது.

ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் மதிப்பு, ரிசீவர் கேட்கும் குறைந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து மாட்டினால் ரிசீவர் காணும் மதிப்பு 4 ஓம். பல ரிசீவர்கள் அதைத் தாங்குவதில்லை.

சப்வூஃபருக்கு ஸ்பீக்கர் வயர் வேண்டாம். ரிசீவரில் 'சப்வூஃபர் அவுட்' என்றிருக்கும் ஆர்.சி.ஏ. (ஒற்றை முள் பிளக்குக்கான வட்டத்) துளையிலிருந்து, கவசமிட்ட ஒற்றைக் கேபிளைச் சப்வூஃபரின் 'எல்.எஃப்.இ.' (தாழ்ந்த ஒலித் தடம்) துளைக்குக் கொண்டுபோக வேண்டும். சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்கு என்று பிரிப்பது) திருகியை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், ஏனெனில் அந்தப் பிரிப்பு வேலையை ரிசீவர் செய்யப்போகிறது. இரண்டும் சேர்ந்து செய்தால் நடுவே ஒரு பள்ளம் விழும். ஒலி அளவை இப்போதைக்குப் பாதியில் வைக்கலாம். இந்தத் துளையில் வருவது வெறும் சிக்னல் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. தனக்குள் ஆம்ப்ளிஃபயர் இல்லாத சப்வூஃபரை இதில் மாட்டினால் ஒலியே வராது.

எச்.டி.எம்.ஐ.: ஒலி வரும் பாதை

ரிசீவரின் பின்புறத்தில் 'எச்.டி.எம்.ஐ. அவுட்' என்ற துளை இருக்கும். அருகே 'ஆர்க்' அல்லது 'ஈ-ஆர்க்' என்று எழுதியிருக்கும். அதிலிருந்து வரும் கேபிளைத் தொலைக்காட்சியின் ஏதோவொரு துளையில் அல்லாமல், அதே பெயர் எழுதிய துளையில்தான் செருக வேண்டும். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் அது ஒன்றுதான் இருக்கும். இந்த ஒரே கேபிளில் படம் ரிசீவரிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகிறது. தொலைக்காட்சியின் உள்ளே இருக்கும் செயலிகளின் ஒலி எதிர்த்திசையில் ரிசீவருக்குத் திரும்புகிறது. ஒலி இப்படித் திரும்பி வரும் ஆர்க் வசதி 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்புடன் வந்தது. அதன் மேம்பட்ட வடிவமான ஈ-ஆர்க் 2017இல் 2.1 பதிப்புடன் வந்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பாதையின் அகலம்தான். பழைய ஆப்டிகல் கேபிளில் இரண்டு தட பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி), அல்லது சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். 5.1 மட்டுமே போகும். ஆர்க்கில் அவற்றோடு, ஓ.டி.டி. தளங்கள் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவமும் பெரும்பாலான கருவிகளில் போகிறது. அந்த வடிவத்தில் பொதிந்த, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸும் அவ்வாறே போகும். புளூ-ரே வட்டில் இருக்கும் சுருக்க இழப்பில்லாத டால்பி ட்ரூ-எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ ஆகியவற்றுக்கும், சுருக்கப்படாத பல தட பி.சி.எம்.முக்கும் ஆர்க் போதாது. நொடிக்கு 37 மெகாபிட் வரை தாங்கும் ஈ-ஆர்க் வேண்டும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. புளூ-ரே பிளேயரையும் செட்டாப் பாக்ஸையும் நேராக ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. உள்ளீடுகளில் செருகுங்கள், தொலைக்காட்சி வழியாகச் சுற்றிவர விடாதீர்கள். சில தொலைக்காட்சிகள் டி.டி.எஸ். ஒலியை வாங்கி ரிசீவருக்கு அனுப்புவதே இல்லை. நேர் இணைப்பில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. விதிவிலக்கு, 120 ஹெர்ட்ஸில் 4கே படம் தரும் கேமிங் கன்சோல்: ரிசீவர் பழையதாக இருந்து அந்தப் படத்தைக் கடத்த முடியாதென்றால், கன்சோலைத் தொலைக்காட்சியில் செருகி ஒலியை மட்டும் ஈ-ஆர்க் வழியே எடுத்துக்கொள்ளலாம்.

கேபிள் விஷயத்தில் ஒரு சொல். ஒன்றிரண்டு மீட்டருக்கு, 4கே தாங்கும் எந்த நல்ல கேபிளும் போதும். 5 மீட்டரைத் தாண்டும்போதுதான் படம் விட்டுவிட்டு வருவது தொடங்கும். அத்தகைய நீளத்துக்கு ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள் நல்லது. அதற்குத் திசை உண்டு, ஒரு முனை கருவிக்கும் மறுமுனை திரைக்கும் உரியது; சுவருக்குள் தலைகீழாக இழுத்துவிட்டுப் பூசிவிட்டால் மறுபடி உடைக்க வேண்டியதுதான்.

இனி நான் எட்டு மாதம் பார்க்காமல் விட்ட வரி. முதலில் தொலைக்காட்சி, ரிசீவர் இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. வசதியை (கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவுவது) இயக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இது இயங்காவிட்டால் பல தொலைக்காட்சிகளில் ஆர்க் வேலை செய்யாது. பின்னர் ஒலி அமைப்பில் ஸ்பீக்கர் தேர்வை எச்.டி.எம்.ஐ. ஆர்க் என்று மாற்றி, 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 'பி.சி.எம்.' என்று இருந்தால் தொலைக்காட்சியே ஒலியைப் பிரித்து, ஆர்க் வழியில் இரண்டு தடங்களாக ஒடுக்கி அனுப்பிவிடும். ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்ப, அதைப் 'பாஸ்-த்ரூ' என்றோ, அது இல்லாத இடத்தில் 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்றோ மாற்ற வேண்டும். ஈ-ஆர்க்குக்குத் தனி வரி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

இதே தேர்வு புளூ-ரே பிளேயரிலும் செட்டாப் பாக்ஸிலும் தனித்தனியே இருக்கிறது. பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் என்று வைத்து, 'செகண்டரி ஆடியோ' அல்லது 'ஆடியோ மிக்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் இழப்பில்லாத வடிவம் மாறிப்போகும். செட்டாப் பாக்ஸில் ஒலி வடிவத்தை டால்பி டிஜிட்டல் என்று மாற்றலாம், ஆனால் நிகழ்ச்சி இரண்டு தடத்தில் ஒளிபரப்பாகும்போது எந்த அமைப்பும் அதை ஆறாக்காது. கன்சோல்கள் ஒலியைத் தாமே பிரித்துப் பல தட பி.சி.எம்.மாக அனுப்புவது வழக்கம்; எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவருக்கு நேரே வரும் அந்த பி.சி.எம்.மில் குறை எதுவும் இல்லை.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரிப் பாகங்கள் வாங்கி உள்ளூரில் கூட்டிச் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதன் பின்புறத்தில் ஆறு ஆர்.சி.ஏ. உள்ளீடுகள் இருந்தால், ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஒலியை வாங்கி ஆறாகப் பிரிக்கும் டிகோடர் பெட்டி ஒன்றை இடையில் வைத்து உண்மையான சரவுண்டைப் பெறலாம். சிவப்பு, வெள்ளை என இரண்டே உள்ளீடுகள் இருந்தால், பின்புற ஒலி இட வலத் தடங்களின் வேறுபாட்டிலிருந்து உண்டாக்கப்படுவதுதான். அதன் மேல் எழுதியிருக்கும் 5.1 ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது.

அறைக்கு ஏற்ற அளவீடு

ரிசீவரோடு வந்த சிறு மைக்கைப் பயன்படுத்தித் தானியங்கி அளவீட்டை ஓடவிடுங்கள். டெனனில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்று இதற்குப் பெயர்கள் உண்டு. மைக்கைச் சோஃபாவின் மேல் கிடத்தாமல், கேமரா ஸ்டாண்டில் காதின் உயரத்தில் நிறுத்த வேண்டும்; முதல் அளவீடு முதன்மை இருக்கையில் நடக்க வேண்டும். மின்விசிறி, ஏ.சி. இரண்டையும் அணைத்துவிட்டு, குக்கர் விசில் அடிக்காத நேரமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. பத்து நிமிட வேர்வைக்குப் பலன் உண்டு.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது, அதாவது ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. அருகே இருக்கும் சரவுண்டின் ஒலி முந்திக்கொண்டு வராதபடி அதை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தவே ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளக்கிறது. அளவீடு முடிந்ததும் அந்தத் தூரங்களைப் பாருங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம். அதன் உள்மின்னணுவியல் உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அப்படி வருகிறது, திருத்த வேண்டாம். திருத்த வேண்டியது வேறொன்று. முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் 'லார்ஜ்' என்று முடிவு செய்திருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவர் தானாகவே 100, 120 என்று உயர்த்தி வைத்திருந்தால் குறைக்காதீர்கள். அந்தச் சிறு ஸ்பீக்கரால் அதற்குக் கீழே இறங்க முடியவில்லை என்பதே அதன் பொருள்.

சப்வூஃபரின் இடத்தை இந்த அளவீட்டுக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே பாஸ் பெருக்கமும் பள்ளமும் இல்லாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வைக்கலாம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்வது மரியாதைக்கு நல்லது.

வந்தது ஆறா, இரண்டா

இப்போது சோதனை. ரிசீவரின் டெஸ்ட் டோன் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலித்துச் செல்லும்போது அது பெயர் சொல்லும் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். சரவுண்ட் இடமும் வலமும் மாறிக் கிடப்பது மிகச் சாதாரணம். அதன்பின் 5.1 என்று குறிப்பிட்ட ஒரு படத்தை ஓடவிட்டு, ரிமோட்டில் 'இன்ஃபோ' அல்லது 'ஸ்டேட்டஸ்' பொத்தானை அழுத்துங்கள். ரிசீவர் உள்ளீட்டையும் வெளியீட்டையும் தனித்தனியே காட்டும். உள்ளே வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் 5.1 என்று இருந்தால் பாதை திறந்திருக்கிறது. 'பி.சி.எம். 2.0' என்றோ, வெறும் 'ஸ்டீரியோ' என்றோ இருந்து, வெளியீட்டில் மட்டும் எல்லா ஸ்பீக்கர் குறிகளும் ஒளிர்ந்தால், எங்கோ தடங்கள் ஒடுங்கியிருக்கின்றன. மூலத்திலிருந்து தொடங்கித் தேடுங்கள். படத்தின் மொழித் தேர்வில் தமிழ் ஒலி இரண்டு தடத்திலும் மூலமொழி 5.1இலும் இருக்கக்கூடும், யூடியூப் காணொளிகளில் பெரும்பாலானவை இரண்டு தடமே. அங்கே குறை இல்லையென்றால் செயலியின் ஒலி அமைப்பு, தொலைக்காட்சியின் டிஜிட்டல் அவுட்புட் வரி, கடைசியாகக் கேபிள் செருகிய துளை என்ற வரிசையில் பாருங்கள்.

எதுவும் ஓடாதபோதும் சப்வூஃபரில் 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த இரைச்சல் இருந்தால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும்தான். செட்டாப் பாக்ஸுக்கு வரும் டிஷ் கேபிளை ஒரு கணம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், மொட்டைமாடி டிஷ்ஷின் வழியாகவும் வீட்டின் எர்த் வழியாகவும் ஒரு மின்வளையம் உருவாகியிருக்கிறது. ரிசீவர், சப்வூஃபர், செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் எர்த்துடன் மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். எந்தச் சூழலிலும் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டு இரைச்சலைப் போக்காதீர்கள். ஷாக் அடித்தால் காப்பது அதுதான்.

ரிசீவருக்கு மேலே ஒரு சாண் அளவாவது காற்றுக்கு இடம் விட்டு, ஷோகேஸின் கதவைத் திறந்தே வையுங்கள். வயர்களின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, அளவீட்டில் வந்த தூரம், கிராஸ்ஓவர் எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு டிஜிட்டல் அவுட்புட் சில வேளைகளில் பி.சி.எம்.முக்குத் திரும்பிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னும் முதல் படத்தைத் தொடங்கும்போது ரிசீவரின் முகப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.